ஓடுதளம் நீளும்போது ஊர் எங்கே போகும்?

கண்டரமாணிக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து சிங்கப்பூருக்கு யாராவது கிளம்புகிறார்கள் என்றால் முதலில் வருகிற விவாதம் பெட்டியின் எடையைப் பற்றியது அல்ல. திருச்சியா, மதுரையா என்பதுதான். இரண்டுமே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரக் கார் பயணம். பெரும்பாலும் திருச்சிதான் ஜெயிக்கும், வெளிநாட்டு விமானங்கள் அங்கேதான் அதிகம். "மதுரை ஏர்போர்ட்டையும் பெரிசாக்கிட்டா எவ்வளவு சௌகரியம்" என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். பெரிசாக்குவது என்றால் என்ன, அதற்காக யாருடைய வீட்டு வாசல் போக வேண்டும் என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

மதுரை விமான நிலையத்தின் ஓடுதளம் 7,500 அடி. ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி விமானங்களுக்கு இது போதும். முந்நூறு பேரையும் நிறைய எரிபொருளையும் சுமந்துகொண்டு நெடுந்தூரம் போகிற பெரிய விமானங்களுக்குப் போதாது. எடை கூடக் கூட, தரையை விட்டு எழும்புவதற்கு முன்னால் ஓட வேண்டிய தூரமும் கூடும். மதுரை வெயிலில் இன்னும் கொஞ்சம் கூடும் (சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, இறக்கைக்குக் கிடைக்கிற தூக்குவிசையும் குறைவு). அதனால்தான் ஓடுதளத்தை 12,500 அடியாக நீட்ட வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் கணக்கிட்ட நிலம் சுமார் 633 ஏக்கர். குறுக்கே மதுரை சுற்றுச்சாலை வருகிறது. சாலையைக் கீழே இறக்கி ஓடுதளத்தை மேலே கொண்டுபோகலாம் என்று ஒரு யோசனை, அதற்கு யார் செலவு செய்வது என்று ஒரு இழுபறி. சாலையைப் பற்றி இத்தனை கடிதங்கள் பறந்தன. சாலைக்கு ஒரு துறை இருக்கிறது, அமைச்சகம் இருக்கிறது. சின்ன உடைப்புக்கு அப்படி யாரும் இல்லை.

சின்ன உடைப்பு, விமான நிலையத்தை ஒட்டிய ஊர். விரிவாக்கத்துக்கான வரைபடத்தில் அந்த ஊர் வந்துவிட்டது. 2024 நவம்பரில் வருவாய்த் துறை அதிகாரிகள் போலீஸ் பாதுகாப்போடு நிலத்தைக் கையகப்படுத்தப் போனபோது ஊரே திரண்டு உட்கார்ந்துவிட்டது. இரவும் பகலும் போராட்டம். விஷயம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், மக்களை வெளியேற்றுவதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. தொலைக்காட்சியில் இதைப் பார்த்தவர்கள் பலர், "வளர்ச்சின்னாலே எதிர்க்கிறதே இவங்களுக்கு வேலையாப் போச்சு" என்று ரிமோட்டை அமுக்கியிருப்பார்கள்.

ஆனால் அவர்கள் கேட்டது என்ன? விமான நிலையம் வேண்டாம் என்றா? இல்லை. மாநகராட்சி எல்லைக்குள்ளேயே மாற்று இடமும் வீடும் கொடுங்கள், ஊரை ஊராகக் குடியமர்த்திவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்களுடைய முக்கியமான கோரிக்கை. இதை எதிர்ப்பு என்று சொல்வதைவிட நிபந்தனை என்று சொல்வதுதான் சரி. வியாபாரத்தில் பணத்தைக் கையில் வாங்காமல் சரக்கை அனுப்பாதவனை யாரும் வளர்ச்சிக்கு விரோதி என்று சொல்வதில்லை.

"அதான் இழப்பீடு கொடுத்தாச்சே" என்பது எதிர்வாதம். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். நிலத்தின் விலையை அரசு எப்படி முடிவு செய்கிறது? அரசின் வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் இருக்கும் விலையையும் பார்த்து. முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க, பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடுவது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. பத்து லட்சத்துக்கு வாங்கிய மனை பத்திரத்தில் நாலு லட்சம். அரசு நிலம் எடுக்க வரும்போது அந்த நாலு லட்சம்தான் சாட்சி சொல்லும்! முன்பு யாரோ மிச்சம் பிடித்த முத்திரைத்தாள் பணத்துக்கு இன்று பக்கத்து வீட்டுக்காரர் தண்டம் கட்டுகிறார்.

1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் சந்தை மதிப்புக்கு மேல் 30 சதவீதம் ஆறுதல் தொகை. 2013இல் வந்த புதிய சட்டம் அதை 100 சதவீதமாக்கியது. கிராமப்புறமாக இருந்தால் சந்தை மதிப்பையே இரண்டு மடங்கு வரை பெருக்கிக்கொள்ளலாம். வீட்டை இழந்தவருக்கு வீடு, நிலமே இல்லாமல் அங்கே கூலி வேலை செய்து பிழைத்தவருக்கும் மறுவாழ்வு, இழப்பீட்டையும் மறுவாழ்வுப் பணத்தையும் கொடுத்த பிறகே நிலத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழ்நாடு என்ன செய்தது என்றால், தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு (1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம் அதில் ஒன்று) அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. உயர் நீதிமன்றம் 2019இல் இதைச் செல்லாது என்றது. உடனே அதே ஆண்டில் சட்டமன்றத்தில் அவற்றுக்கு உயிர் கொடுக்கும் சட்டம் போட்டார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இழப்பீட்டுத் தொகை விஷயத்தில் மத்தியச் சட்டத்தின் கணக்கு வந்தாலும், ஒரு திட்டத்தால் ஊர் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து மக்கள் முன் வைக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு இந்த வழியில் கழன்றுபோகிறது. பணத்தைக் கூட்டினார்கள், பேச்சைக் கழித்தார்கள்.

இழப்பீட்டுப் பணம் குடும்பம் குடும்பமாகப் போகும். ஊர் அப்படிப் பிரிந்து போகிற பொருள் இல்லை. கோயில், சுடுகாடு, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்கிற பக்கத்து வீடு, நூறு நாள் வேலைக்குச் சேர்ந்து போகிற கூட்டம்... இதற்கெல்லாம் வழிகாட்டி மதிப்பு எந்தப் பதிவாளர் அலுவலகத்திலும் கிடையாது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலேசியாவுக்கும் போய்ப் பல தலைமுறை ஆனபிறகும் நகரக் கோயில், ஊர், வீட்டில் எத்தனை புள்ளி என்று கணக்கு வைத்திருக்கிறவர்கள் அவர்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டில் நான்கில் ஒரு பங்கை விடாமல் வைத்திருப்பவருக்கு, குடியிருக்கிற வீட்டை விட மறுப்பவரின் மனசு புரியாதா என்ன?

வீடு போகாதவர்களின் பாடு தனி. 2024 அக்டோபரிலிருந்து மதுரை விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. பயணிக்கு நல்ல செய்தி. சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவருக்கு இரவு இரண்டு மணிக்கும் தலைக்கு மேல் சத்தம் வரலாம் என்று அர்த்தம். மாடி மேல் மாடி கட்ட வேண்டுமென்றால் உயரத்துக்குத் தடையில்லாச் சான்று வேண்டும். இவர்களிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை என்பதால் இவர்களுக்கு இழப்பீடு என்ற பேச்சே எழாது. திருச்சியில் 2018 அக்டோபர் 12 அதிகாலை, துபாய்க்குக் கிளம்பிய விமானம் ஓடுதளத்தைத் தாண்டி சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டே மேலே போனது. உள்ளே 136 பேர். நல்லவேளை, மும்பையில் பத்திரமாக இறங்கினார்கள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் புதுக்கோட்டை சாலை. கண்டரமாணிக்கத்துக்காரர்கள் விமானம் ஏறப் போகிற சாலை! ஓடுதளத்தைச் சுற்றி இடம் வேண்டும் என்று விமானத் துறை கேட்பது ஆடம்பரத்துக்காக மட்டும் அல்ல என்பதையும் இதில் பார்க்க வேண்டும். இடம் வேண்டும்தான். எந்த வரிசையில் கேட்பது என்பதுதான் கேள்வி.

வரிசை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் பெரிய பாடம் இருக்கிறது. டோக்கியோவுக்கு இரண்டாவது விமான நிலையம் நரிதாவில் என்று 1966 ஜூலையில் அரசு முடிவு செய்தது. அங்கே விவசாயம் செய்துகொண்டிருந்தவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள், போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது, 1971இல் மூன்று போலீஸ்காரர்கள் இறந்தார்கள். 1978 மார்ச்சில், திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை உடைத்தார்கள். மே மாதம் ஒரே ஒரு ஓடுதளத்தோடு திறந்தார்கள். இரண்டாவது ஓடுதளம் வர 2002 ஆனது. அதுவும் வெட்டிச் சுருக்கப்பட்ட 2,180 மீட்டர், ஏனென்றால் விற்க மறுத்தவர்களின் நிலம் வழியில் இருந்தது. விமானங்கள் ஊர்ந்து போகிற பாதைகளுக்கு நடுவே காய்கறி விளைந்துகொண்டிருந்த வயலின் படம் உலகம் முழுக்கப் பிரபலம். கடைசியில் 1995இல் அரசு மன்னிப்புக் கேட்டது. முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு எவ்வளவு, முப்பது ஆண்டுத் தாமதத்தின் செலவு எவ்வளவு? பி.காம் முதல் வருடப் பாடத்தில் வருகிற கணக்குதான் இது.

பக்கத்திலேயே இன்னொரு மாதிரி இருக்கிறது. கொச்சி. 1994இல் பொது நிறுவனமாகப் பதிவு செய்து, வெளிநாட்டு மலையாளிகள் உட்படப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பங்குப் பணம் திரட்டி, 1999இல் நெடும்பாசேரியில் விமான நிலையத்தைத் திறந்தார்கள். வீடிழந்த குடும்பங்களுக்கு மனை கொடுத்தார்கள், விமான நிலைய டாக்சி ஓட்டும் உரிமையிலும் வேலைகளிலும் இடம் கொடுத்தார்கள். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. நிலத்துக்கு அங்கேயும் போராட்டம் நடந்தது. 2018 வெள்ளத்தில் விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. ஆனாலும் நிலம் கொடுத்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை. அந்தப் பங்குகளுக்கு ஈவுத்தொகையும் வருகிறது.

இதை ஒரு படி மேலே கொண்டுபோக முடியாதா? பணம் போட்டவருக்குப் பங்கு உண்டென்றால் நிலம் போட்டவருக்கு ஏன் இல்லை? மதுரையில் நிலத்தை எடுத்துக் கொடுப்பது மாநில அரசு, ஓடுதளம் போட்டு நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். அங்கே பங்கு கொடுக்க முடியாவிட்டால் வேறு வழி இருக்கிறது. பயணச் சீட்டில் ஏற்கனவே பயணிகள் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் என்று என்னென்னவோ பிடிக்கிறார்கள். தலைக்குப் பத்து ரூபாய் சுற்றியுள்ள ஊர்களுக்கு என்று சேர்த்தால் எந்தப் பயணியும் பயணத்தை ரத்து செய்யப் போவதில்லை. அந்தப் பணத்தைச் செலவு செய்கிற குழுவில் சின்ன உடைப்புக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். கார் நிறுத்துமிடம், டீக்கடை, சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் இவற்றில் அந்த ஊர்களுக்கு முதல் உரிமை கொடுக்கலாம்.

பரந்தூரில் இதே கதை பல மடங்கு பெரிசாக நடக்கிறது. 2022இல் அறிவித்த சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வேண்டும். ஏரிகள், வயல்கள், கம்பன் கால்வாய் எல்லாம் அந்த எல்லைக்குள் வருகின்றன. ஏகனாபுரம் மக்கள் கிராம சபைகளில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள், 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். 2025 ஜூலையில் ஒரு பக்கம் கிரயப் பத்திரங்கள் பதிவாகத் தொடங்கின. அங்கே போகிற நீர்நிலைகளுக்கு மாற்று இடம் கொடுப்பது எப்படி என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மதுரை அவ்வளவு சிக்கலானது அல்ல. ஓடுதளத்துக்கு ஆகப்போகிற கோடிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாநகராட்சி எல்லைக்குள் ஒரு ஊருக்கு மனை ஒதுக்கி, தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து, கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் இடம் விட்டு வீடு கட்டுவது பெரிய தொகையே இல்லை. முதலில் அந்த வீடுகளின் சாவியைக் கொடுத்துவிட்டு, பிறகு புல்டோசரை அனுப்பியிருந்தால் 2024 நவம்பரில் அங்கே போலீசுக்கு வேலையே இருந்திருக்காது. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்குப் பெரிய விமானம் பிடிக்கக் காத்திருக்கிற கண்டரமாணிக்கத்துக்காரர்கள், எம்.பி.யிடம் அடுத்த முறை மனு கொடுக்கும்போது ஓடுதளத்துக்கு ஒரு வரி எழுதினால், அந்தச் சாவிக்கும் ஒரு வரி எழுதலாம்.