குடிநீர்க் கிணறும் ஊர் விதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. குடிப்பதற்கும் பயிருக்கும் பெரும்பாலும் கிணற்றுநீரே கதி. மாரிமழை மண்ணூடே இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே தங்குகின்றது. அந்நீர் வேலியை அறியாது. ஒருவர் வளவில் இறங்கிய அழுக்கு அயலவர் கிணற்றில் ஊறும்.

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவுக்கு மிஞ்சி இடப்படும் யூரியாவும் எருவும் நைத்திரேற்றாக மாறி, நீரோடு கீழிறங்குகின்றன. அடித்தளமில்லா மலசலகூடக் குழிகளும் இத்தீங்கையே விளைக்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதாரத் தாபனத்தின் வழிகாட்டல். மேற்பட்டால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழக்கக்கூடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது.

ஆகவே, தனியொருவரின் கவனம் போதாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதிகள் ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்கு அளித்துள்ளது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே வேண்டிய தூரம், அடித்தளம் கட்டிய தொட்டி, கிணற்றருகே எருக் குவித்தலுக்கும் நாசினி கலத்தலுக்கும் தடை, ஆண்டுதோறும் நீர்ப் பரிசோதனை ஆகியவற்றை விதியாக்குதல் தகும்.

விதி கமக்காரருக்குச் சுமை என்பர் சிலர். மண்ணைப் பரிசோதித்து வேண்டிய அளவே பசளையிடுபவருக்குச் செலவு குறையுமன்றிக் கூடாது. கெட்ட நிலத்தடிநீர் தெளியவோ பல்லாண்டுகள் செல்லும். எனவே, இவ்விதிகளைக் கமக்காரர் அமைப்புகளே முன்னின்று கேட்டுப் பெறுதல் வேண்டும். அவ்வாறு பெற்ற விதியே ஊரில் நிலைக்கும்.