காட்டுக்குப் போய் என்னத்தைப் பார்க்கிறது?

வானொலிக்காரர்களுக்கு அமைதி என்றால் பயம். ஒலிபரப்பில் மூன்று விநாடி சத்தம் வரவில்லை என்றால் போதும், அறைக்கு வெளியே இருப்பவர்கள் ஓடி வந்துவிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, விடுமுறை கிடைத்தால் சத்தமில்லாத இடமாகத் தேடிப் போகிறேன்.

மலாக்கா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஜோங்கர் தெருவும் அஃபமோசா கோட்டையும்தான் ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களான நமக்கோ வாரக் கடைசி என்றால் பேரங்காடி, இல்லாவிட்டால் கல்யாண வீடு. கடலோரத்தில் நமக்கென்று ஒரு காடு இருப்பதே பலருக்குத் தெரியாது.

கடந்த மார்ச்சில் அப்பாவிடம், "தஞ்சோங் துவான் போவோமாப்பா?" என்று கேட்டேன். அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் முதலில் பால் வெட்டி, பிறகு செம்பனைக் குலை அறுத்தவர் அவர்.

"காட்டுக்குப் போயி என்னத்தம்மா பார்க்கிறது? முப்பத்தஞ்சு வருஷம் பார்த்தது போதாதா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. நம் பெரியவர்களுக்குப் பச்சை என்றால் விடியுமுன் பெரட்டு, அட்டை, பாம்பு, கொசு. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. கடலோரத்தில் உட்கார்ந்து காற்று வாங்குவது துரைமார் வேலை. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பிள்ளைகளைக் குளிர்சாதன அறைக்குள் உட்கார வைக்க ஆசைப்பட்டதில் ஆச்சரியம் என்ன? ஆனால் செம்பனை மரங்கள் வரிசையாக நிற்பது ஆள் வைத்து நட்டதால். தஞ்சோங் துவானில் நிற்கும் மரங்களை யாரும் நடவில்லை. அந்த வித்தியாசத்தை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. பேரப்பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் கிளம்பினார்.

மஸ்ஜித் தானாவில் பசியாறிவிட்டு, லிங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நெகிரி செம்பிலான் வந்துவிடும். போர்ட்டிக்சன் கடற்கரை ஓரமாகப் போய், தஞ்சோங் துவான் முனையில் இறங்கினால் மறுபடியும் மலாக்கா மண்! சுற்றிலும் வேறு மாநிலம் இருக்க, இந்த முனை மட்டும் இன்றும் மலாக்காவுக்குச் சொந்தம். போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே கலங்கரை விளக்கம் வைத்தார்கள். 1606-இல் அவர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் இதே கடலில் பெரிய போர் நடந்தது. இப்போது நிற்கும் விளக்கம் 1863-இல் கட்டப்பட்டது.

வாசலிலிருந்து அது வரை தார்ச்சாலைதான். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும். மூட்டு வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறலாம். நாங்களும் அப்படித்தான் ஏறினோம்.

மேலே ஏறி உட்கார்ந்த சற்று நேரத்தில் கடல் பக்கமிருந்து ஒரு பருந்து வந்தது. பிறகு ஐந்து. பிறகு பிள்ளைகள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். சுமத்ராவிலிருந்து வடக்கே சீனா, சைபீரியா பக்கம் முட்டையிடத் திரும்பும் தேன்பருந்துகள் அவை. தரையிலிருந்து எழும் சூடான காற்றில் சிறகை விரித்து, அதிகம் அடிக்காமலே மிதந்து போகும் பறவை. கடலுக்கு மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால் நீரிணை குறுகலாக உள்ள இடமாகப் பார்த்து, ரூபாட் தீவிலிருந்து ஏறக்குறைய 38 கிலோமீட்டர் சிறகடித்தே வருகின்றன. களைத்துப்போய்த் தாழ்வாக வருபவற்றை இந்தக் காட்டின் மேல் எழும் வெப்பக்காற்று மறுபடி தூக்கிவிடுகிறது. சுற்றிலும் உல்லாச விடுதிகள் வந்துவிட்ட பிறகும் இந்தச் சின்னக் காடு ஏன் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பருந்துகளே பதில்.

இவற்றின் உணவு குளவிக் கூட்டிலும் தேன் கூட்டிலும் உள்ள புழுக்கள். கொட்டு படாமலிருக்க முகத்தில் செதில் மாதிரி அடர்த்தியான இறகு இருக்கிறது. இதைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். "குலை அறுக்கும்போது எத்தனை தடவ குளவி கொட்டியிருக்கு தெரியுமா? எனக்கும் அந்த மாதிரி ஒரு முகம் இருந்திருக்கலாம்!" அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் பேசவே இல்லை. வானத்தைப் பார்த்தபடியே இருந்தார். வேலை இல்லாமல், நேரம் பார்க்காமல், மரத்தடியில் அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும் வழியில் பெங்காலான் பாலாக் அருகே பாடாங் கெமுந்திங் ஆமைப் பாதுகாப்பு நிலையத்துக்குப் போனோம். மீன்வளத் துறை நடத்துவது. மலாக்கா கரையில் முட்டையிட வருவது அழுங்காமை. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இடும். பொரிக்க இரண்டு மாதம் பிடிக்கும். வளர்ந்து தானே முட்டையிட வருவதற்கு 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம். இன்று நம் பிள்ளை கண் முன்னால் கடலுக்குள் இறங்கும் குஞ்சு, அந்தப் பிள்ளைக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் கரை திரும்பும். அதுவரை அந்த மணலை விட்டுவைப்போமா என்பதுதான் கேள்வி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பருந்துகளைப் பார்க்க மார்ச் முதல் பாதி நல்ல காலம். காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை அதிகம் தெரியும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பருந்து பார்க்கும் விழாவும் அந்த மாதத்தில்தான். தொப்பி, தண்ணீர், இருந்தால் தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். இரவில் ஆமைக் கரையில் கைப்பேசி விளக்கை அடிக்காதீர்கள். வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் திசை மாறிவிடும். கட்டிக்கொண்டு போன சாப்பாட்டுப் பொட்டலத்தின் குப்பை உங்களோடு வீடு திரும்பட்டும். முக்கியமாக, ஒலிபெருக்கியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பாட்டுப் போட நாங்கள் வாரம் முழுக்க இருக்கிறோம்.

அப்பா போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். தோட்டத்தில் கூட வேலை செய்த கூட்டாளி ஒருவர் இருக்கிறாராம். "வர்ற மார்ச்சுல காடியில ஒரு எடம் கூட இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.