முதல்ல பொழி, அப்புறம் கம்மாய்

ஐப்பசி பிறந்துட்டா மெட்ராஸ்ல, கோயம்புத்தூர்ல இருக்கிற சொந்தக்காரங்க வரிசையா போன் பண்ணுவாங்க. "என்ன, ஊர்ல மழை உண்டுமா?" முன்னெல்லாம் இதுக்கு உண்டு, இல்லைன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்லிரலாம். இப்போ அப்படிச் சொல்ல முடியல. மழை பெய்யத்தான் செய்யுது. முன்னாடி பத்து பன்னெண்டு தடவையா பிரிச்சுப் பெய்ஞ்சதை, ரெண்டு தடவையில கொட்டிட்டுப் போயிருது. நடுவுல இருபது, இருபத்தஞ்சு நாள் சுள்ளுன்னு வெயில். முளைச்ச மக்காச்சோளம் அந்த வெயில்ல சுருளுது. தப்பிப் பிழைச்ச உளுந்து, மார்கழி மழையில செடியில இருக்கும்போதே நெத்துக்குள்ள முளைச்சிருது.

எங்க ஊர் விளாத்திகுளம் பக்கம், கரிசக்காடு. மானாவாரி வெள்ளாமைதான். போர் போட்டா பெரும்பாலும் உப்புத் தண்ணிதான் வரும். அதனால மழைத்தண்ணியைப் பத்தி நான் பேசுறது ஏதோ இயற்கை ஆர்வத்துல இல்ல, அதை விட்டா எங்களுக்கு வேற தண்ணி கிடையாது.

2015-ல வெள்ளம்னு பேசினோம். அடுத்த வருசமே, 2016-ல, வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைஞ்சு தமிழ்நாடே காய்ஞ்சது. 2023 டிசம்பர்ல எங்க தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தமிழ்நாட்டுக்கு ஒரு வருசம் முழுக்கப் பெய்யுற சராசரி மழையே ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னுபோய் சனங்க தவிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மழையில எத்தனையோ கம்மாய்க் கரை உடைஞ்சது.

ஒவ்வொரு தடவையும் இதுக்குப் பேப்பர்லயும் டிவியிலயும் சொல்ற தீர்வு ஒண்ணேதான். கம்மாயைத் தூர் வாருங்க. வாரணும், அதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. 2017-ல குடிமராமத்துன்னு திட்டம் கொண்டுவந்தாங்க, கரம்பை மண்ணைச் சம்சாரிக இலவசமா அள்ளிக்கலாம்னாங்க. நல்ல காரியம். ஆனா கம்மாய்க்குள்ள கிடக்கிற அந்தத் தூர் எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. அது எங்க பிஞ்சைகளோட மேல்மண்ணு. தொழுஉரம் போட்டு, ஆட்டுக்கிடை போட்டு நாங்க வளமாக்கின மண்ணு. ஒரு ஏக்கர்ல ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண்ணு போனாலே எடைக்கு ஏறக்குறைய அஞ்சு டன். மில்லிமீட்டர்ங்கிறது கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு மண்ணையும் தண்ணி சும்மா கொண்டுபோய்க் கம்மாய்ல போடுது. திருப்பிக் கொண்டுவர டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் நாம வாடகை கொடுக்கணும்.

ஆகவே என் கட்சி இதுதான்: மழை விழுற இடத்துலயே அதை மறிக்கணும். முதல்ல மேட்டுப் பிஞ்சையோட பொழி, அதுக்கப்புறம்தான் கம்மாய். பொழின்னா எங்க பக்கம் பிஞ்சைக்கும் பிஞ்சைக்கும் நடுவுல இருக்கிற வரப்பு. நெல்வயல் வரப்பு மாதிரி சின்னதா இருக்காது. முழங்கால் உயரத்துக்குக் குறையாம, மேல ஒரு ஆள் தாராளமா நடக்கிற அகலத்துல இருக்கும்.

நகரத்துல இருக்கிறவங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு கணக்கு சொல்றேன். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு லிட்டர். அப்போ ஒரு ஏக்கர்ல 10 சென்டிமீட்டர் மழைன்னா நாலு லட்சம் லிட்டர். 2019-ல மெட்ராஸ்ல குடிக்கத் தண்ணியில்லாம ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல கொண்டுவந்தாங்களே, ஒரு ரயிலுக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். எனக்கு நாலரை ஏக்கர், கூட வாரத்துக்குப் பாக்குறது ஒண்ணரை ஏக்கர். இந்த ஆறு ஏக்கர்ல 10 சென்டிமீட்டர் மழை பெய்ஞ்சா ஏறத்தாழ அந்த ஒரு ரயில் தண்ணி. அதை நிறுத்தவும் போக விடவும் குறுக்க இருக்கிறது ஒரு மண் பொழிதான்.

கரிசலுக்குன்னு ஒரு குணம் இருக்கு. கோடையில வெடிச்சுக் கிடக்கும், கையை விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போகும். முதல் மழை அந்த வெடிப்பு வழியா நேரா அடிமண்ணுக்கு இறங்கும். மண்ணு ஊறி வெடிப்பு மூடிக்கிட்டதுக்கு அப்புறம் தண்ணியை மெதுவாத்தான் வாங்கும். குடிக்கிறது மெதுவா, ஆனா குடிச்சதை லேசுல விடாது. கொஞ்சநேரம் தண்ணி நின்னுச்சுன்னா போதும், அந்த ஈரம் மூணு வாரம் பயிரைக் காப்பாத்தும். முந்தி தூத்தலா விட்டுவிட்டுப் பெய்ஞ்சப்போ அந்த அவகாசம் தானா கிடைச்சது. இப்போ ஒரு மணி நேரத்துல கொட்டுற மழைக்கு அந்த அவகாசத்தைப் பொழிதான் கொடுக்கணும். முந்தியவிட இப்பத்தான் பொழி ரொம்பத் தேவை. ஆனா இப்பத்தான் எல்லாரும் அதை அழிக்கிறாங்க.

அழிக்கிறது யாருன்னு பாத்தா, முதல்ல நம்ம ஆளுகதான். மாட்டு ஏர் இருந்தப்போ சின்னச் சின்னப் பிஞ்சையா இருந்தாலும் திருப்பி ஓட்டிரலாம். டிராக்டர்காரருக்கு மணிக்கணக்குல வாடகை, அடிக்கடி திருப்பினா அவருக்கும் நமக்கும் நட்டம். அதனால நடுப் பொழியைத் தட்டிவிட்டு ரெண்டு பிஞ்சையை ஒண்ணாக்கிர்றாங்க. அப்புறம் நீளவாக்குல, சரிவோட போக்குலயே உழவு. ஒவ்வொரு சாலும் தண்ணி ஓட ஒரு வாய்க்கால் ஆயிருது. ரொட்டவேட்டர் போட்டு மண்ணை மாவாக்கிட்டா, அடிச்ச மழைக்கு மேல சாந்து பூசின மாதிரி இறுகிரும். பிறகு தண்ணி எங்க இறங்கும்?

(பொழியைக் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டித் தன் பக்கம் சேத்துக்கிற ஆள் எல்லா ஊர்லயும் ஒருத்தர் உண்டு. இருபது வருசத்துல அவருக்கு ரெண்டு சென்ட் கூடியிருக்கும். அந்த மண்ணுல பாதி இந்நேரம் கம்மாய்க்குள்ள இருக்கும்.)

ரெண்டாவது, வெளியூர்ல இருந்து வந்து நிலம் வாங்குறவங்க. எனக்கு மேல்புறம் முப்பது ஏக்கர் கைமாறிப் போச்சு. வித்தவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். பிள்ளைக படிப்பு, கல்யாணம், மூணு வருசம் தொடர்ந்து பன்றி தின்ன வெள்ளாமை. வாங்கினவங்க ஜேசிபி வச்சு அத்தனை பொழியையும் ஒரே வாரத்துல மட்டமாக்கி, சுத்திக் காம்பவுண்டு சுவர் எழுப்பிட்டாங்க. குறுக்க இருந்த சின்ன ஓடையும் அதுக்குள்ள போயிருச்சு. முன்னாடி அந்த முப்பது ஏக்கர் தண்ணி ஏழெட்டுப் பிஞ்சையில நின்னு நின்னு வடிஞ்சு வரும். இப்போ சுவர் ஓரமா ஒண்ணு சேந்து, சுவர் முடியுற மூலையில என் பிஞ்சைக்குள்ள பாயுது. ரெண்டு மழையில என் மேல்பொழி உடைஞ்சு, உள்ள ஒரு ஆள் இறங்கி நிக்கிற ஆழத்துக்கு அரிச்சுட்டுப் போயிருச்சு. விதையும் போச்சு, போட்ட அடியுரமும் போச்சு.

பொழி போட்டா தண்ணி தேங்கிப் பயிர் அழுகுமேன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஒரு சொட்டும் வெளிய போகக் கூடாதுன்னு சொல்றவங்க கரிசல்ல வெள்ளாமை பாத்திருக்க மாட்டாங்க. பொழியில ஒரு தாழ்ந்த இடத்துல கல் அடுக்கி, மிஞ்சின தண்ணி மண்ணை அரிக்காம கீழ்ப்பிஞ்சைக்கு இறங்க வழி விடணும். கம்மாய்க்கு மறுகால் மாதிரி பிஞ்சைக்கும் ஒண்ணு. கோவில்பட்டியில வேளாண் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1901-லேயே ஆரம்பிச்சது. அவங்க ரொம்ப காலமாச் சொல்றதுல எனக்குப் பிடிச்சது ஆழச்சால் அகலப்பாத்தி. பாத்தி மேல பயிர், சால்ல தண்ணி. மழை குறைஞ்சா சால் ஈரத்தை வச்சிருக்கும், கூடினா வடிச்சுவிடும். கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்க ஓட்டுறது அதைவிட லேசு, டிராக்டர்காரர் முனகுவார், அவ்வளவுதான்.

95 சென்டிமீட்டர் மழையை எந்தப் பொழியும் தாங்காது, அதையும் சொல்லிர்றேன். ஆனா அந்த மாதிரி மழை என்னைக்கோ ஒரு நாள். வருசா வருசம் வர்ற அஞ்சு, பத்து சென்டிமீட்டரைக் கூட நம்ம பிஞ்சை வாங்க மாட்டேங்குதே, என் கவலை அதுதான்.

அரசாங்கத்துல பொழி போடத் திட்டமே இல்லைன்னு சொல்ல முடியாது. நீர்வடிப்பகுதித் திட்டம்னு வந்து எங்க ஊர்லயும் போட்டுக் கொடுத்தாங்க. திட்டம் முடிஞ்சது, பராமரிக்கப் பணமும் இல்ல, ஆளும் இல்ல. பண்ணைக்குட்டை வெட்டினா அதுக்குப் பக்கத்துல போர்டு வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். பொழியைப் போட்டோ எடுத்தா மண்ணு மாதிரிதான் தெரியும். மேல பொழி இல்லாட்டி அந்தக் குட்டைக்குள்ளயும் சேறுதான் வந்து நிறையும். கம்மாய்க்கு ஒதுக்குற பணத்துல ஒரு பங்கை அந்தக் கம்மாய்க்குத் தண்ணி வர்ற பிஞ்சைகளோட பொழிக்கு, வருசா வருசம், சம்சாரி கையிலயே கொடுத்துச் செய்யச் சொல்லணும். தூர் வார்ற செலவு பின்னாடி தானா குறையும்.

இதைப் படிக்கிறவங்கள்ல ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போடலாம்னு நினைக்கிறவங்க இருப்பீங்க. வாங்குங்க, வேண்டாம்னு சொல்லல. ஒரு நல்ல மழை நாள்ல வந்து, தண்ணி எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகுதுன்னு நின்னு பாத்துட்டு வாங்குங்க. பத்திரத்துல ஓடை இருக்காது, பக்கத்துப் பிஞ்சைக்காரர்ட்ட கேட்டா காட்டுவார். வேலி போடுறதா இருந்தா கம்பி வேலி போடுங்க, தண்ணி பாட்டுக்குப் போகும். ஜேசிபிக்காரர் "சார், எல்லாத்தையும் லெவல் பண்ணிரலாம்"னு சொல்லுவார். அவருக்கு மணிக்கணக்கு. பொழியை மட்டும் தொட வேண்டாம்னு சொல்லிருங்க.

என் மேல்புறத்துக்காரங்ககிட்ட, சுவர்ல ஓடை போற இடத்துல நாலடிக்கு ஒரு திறப்பு விடச் சொல்லிக் கேட்டிருக்கேன். திறப்புக்கு இரும்புச் சட்டம்கூட நானே போட்டுத் தர்றேன்னு சொன்னேன். பாத்துக்கிற மேஸ்திரி, ஓனர்ட்ட கேட்டுச் சொல்றேன்னார். இப்போ ஆடி முடியப்போகுது. உடைஞ்ச பொழியை இந்த வாரம் கட்ட ஆரம்பிச்சிருக்கேன், ஐப்பசிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.