பிளாக் தண்டர் போறீங்களா? முதல்ல உயரத்தை அளங்க!

அந்தியூர்க் குழந்தைகளுக்கு ராட்டினம் புதுசு இல்லை. ஆடியில் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குக் குதிரைச் சந்தையோடு அதுவும் வந்துவிடும். ஆனாலும் முழுப் பரீட்சை லீவு விட்டதுமே, 'மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போலாம்ப்பா' என்ற நச்சரிப்பு தொடங்கிவிடுகிறது. கோபி, சத்தி வழியாக ரெண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். காலை 7 மணிக்குள் கிளம்பினால்தான் டிக்கெட் காசு செரிக்கும்.

பிளான் சொதப்புவது பெரும்பாலும் வயசு வித்தியாசத்தால்தான். தீம் பார்க்குகளில் பெரிய ரைடுகளுக்கு உயரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அக்கா ஏறிவிட, தம்பியை மட்டும் அளவுப் பலகையோடு திருப்பி அனுப்பினால் மிச்ச நாள் அழுகைதான். வீட்டுச் சுவரிலேயே அளந்து, 'இது உனக்கு, அது அவளுக்கு' என்று முந்தின நாளே சொல்லிவிடலாம்.

டீன் ஏஜ் பிள்ளைகளைக் குட்டீஸ் குளத்தருகே நாள் முழுக்க உட்கார வைப்பது அநியாயம். தனியே விடலாம். ஆனால் தண்ணீரில் இறங்கும்போது போன் லாக்கருக்குப் போய்விடும். 'கூப்பிட்டுக்கலாம்' என்பது நடக்காது. 1 மணிக்கு ஓட்டல் வாசல் என இடமும் நேரமும் முன்பே பேசி வையுங்கள்.

இன்னொன்று, பைகளுக்குக் காவல் இருக்கும் வேலையை அம்மாயி தலையில் கட்டாதீர்கள். பெரியவர்கள் மாற்றி மாற்றி உட்காரலாம். அவருக்கும் கால் நனைக்க ஆசை இருக்கும்.