மின்சாரத்துக்குக் கருவேல் போகட்டும், வைக்கோல் வேண்டாம்

விறகையும் பயிர்க் கழிவுகளையும் எரித்து மின்சாரம் எடுப்பது நமக்குப் புதிதல்ல. சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரிக்கின்றன. ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் சீமைக் கருவேல் விறகை நம்பியே மின் நிலையங்கள் அமைக்கப்பட்டன. பயிர் காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுதான் எரியும்போது காற்றுக்குத் திரும்புகிறது. எனவே நிலக்கரியைவிட இது மேல் என்கிறார்கள். அது சரியே. ஆனால் பயிர் மண்ணிலிருந்து எடுத்த சத்து எங்கே போகிறது என்பதை விவசாயிகள் கேட்க வேண்டும்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ எரிபொருள் தேவை. 10 மெகாவாட் நிலையம் இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 300 டன் வேண்டும். தூரத்திலிருந்து லாரியில் கொண்டு வந்தால் கட்டுபடியாகாது. ஆகவே அக்கம்பக்கத்து விறகு குறைந்தால் வைக்கோலுக்கும் விலை பேச ஆள் வரக்கூடும். அப்போது விலையை மட்டும் பார்த்துத் தலையசைக்கக் கூடாது.

நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்றால், அதில் சுமார் 30 கிலோ சாம்பல் சத்தும் 12 கிலோ தழைச்சத்தும் உண்டு. இது 50 கிலோ பொட்டாஷ் உரத்துக்கும் 26 கிலோ யூரியாவுக்கும் சமம். இவற்றின் கடை விலையோடு மாட்டுத் தீவனத்தின் விலையையும் கூட்டிப் பாருங்கள். மாடு தின்ற வைக்கோல் எருவாக வயலுக்குத் திரும்பும். கொதிகலனில் எரிந்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பல் சத்து ஆலைக் குப்பைமேட்டில் கிடக்கும்.

எதை விற்கலாம்? சீமைக் கருவேலைத் தாராளமாக விற்கலாம். வெட்டுக் கூலியும் ஊருக்குள் தங்கும். ஆனால் தூரோடு தோண்டி எடுக்காவிட்டால் மீண்டும் தழைத்துவிடும். பருத்தி மாரை விற்பதும் நல்லதே. அறுவடைக்குப் பின் அதை வயலில் விட்டுவைத்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் புகலிடமாகும்.

விற்கும்போது ஊர் விவசாயிகள் ஒன்றுகூடிப் பேசி, விறகு ஏற்றிப் போகும் வண்டியிலேயே சாம்பலைத் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். நிலக்கரி கலந்து எரித்த சாம்பலைப் பரிசோதிக்காமல் வயலில் இட வேண்டாம். களர் நிலத்துக்கு எந்தச் சாம்பலும் ஆகாது. மற்ற நிலங்களுக்கு, குறிப்பாகப் புளிப்பு மண்ணுக்கு, விறகுச் சாம்பல் நல்ல உரம். அதை இலவசமாக விட்டுக் கொடுத்துவிட்டுக் கடையில் பொட்டாஷ் வாங்குவது நமக்கு நஷ்டமே.