புதுக்குடியிருப்பின் வரைபடத்தை வரைவது யார்?

2025 செப்டெம்பர் 2ஆம் திகதி, உலகத் தெங்கு தினத்தன்று, ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க முல்லைத்தீவு மாவட்டத்துக்கு வந்தார். வட்டுவாகல் பாலத்தின் நிர்மாணப் பணியைத் தொடக்கி வைத்தார். புதுக்குடியிருப்பில் ‘வடக்குத் தெங்கு முக்கோண’த் திட்டத்தையும் ஆரம்பித்து வைத்தார். இரண்டும் நல்ல காரியங்களே. குருநாகல், புத்தளம், கம்பஹா என்ற பழைய முக்கோணத்துக்கு அப்பால் தென்னைக்கு இன்னொரு நிலம் தேடப்படுகிறது என்றால், அதற்கு வன்னி மண்ணைவிடப் பொருத்தமான இடம் அரிது. குறை சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம்.

ஆனால் தென்னை ஒரு போகப் பயிர் அல்ல. உழுந்தையோ கச்சானையோ விதைத்தவன் சில மாதங்களில் பலனை அள்ளிக்கொண்டு போகலாம். தென்னம்பிள்ளையை நட்டவன் ஐந்தாறு ஆண்டுகள் நீரூற்றிக் காத்திருந்தால்தான் முதற் பாளையைக் காண்பான். அதன்பின் அந்த மரம் அறுபது ஆண்டுகள் நிற்கும். எனவே அதை நடுகின்றவனுக்கு, இந்த நிலம் நாளையும் என்னுடையது, என் பேரனுடையது என்ற உறுதி வேண்டும். ‘உறுதி’ என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இரண்டு பொருள். ஒன்று மனத்தில் இருப்பது. மற்றையது காணிக் கந்தோரில் இருப்பது. புதுக்குடியிருப்பில் எத்தனை குடும்பங்களிடம் இரண்டும் இருக்கின்றன என்பதே எனது கேள்வி.

புதுக்குடியிருப்புக்கென நீண்டகாலக் காணிப் பயன்பாட்டுத் திட்டம் இல்லை என்று பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். திட்டம் இருக்கிறது. அது ஒரு நூலாக அச்சிடப்படவில்லை, அவ்வளவுதான். வர்த்தமானி அறிவித்தல்களாகவும், சுற்றறிக்கைகளாகவும், எல்லைக்கற்களாகவும், முட்கம்பிகளாகவும் அது துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் துண்டுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

துண்டுகளால் ஆன திட்டம்

2009இல் யுத்தம் முடிந்தது. மக்கள் மெனிக் பாமில் அடைக்கப்பட்டார்கள். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்கு அனுப்பப்படவில்லை. ஊர் படைத்தலைமையகத்துக்குள் இருந்தது. அவர்களுக்கு ‘மாதிரிக் கிராமம்’ என்று வேறோர் இடம் காட்டப்பட்டது. 2017 ஜனவரி 31இல் பிலக்குடியிருப்பு மக்கள் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். ஒரு மாதம் இரவும் பகலும் அங்கேயே கிடந்து தம் காணிகளை மீட்டார்கள். அதே பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு மக்களும் தமது குடியிருப்புக் காணிகளுக்காகப் போராட வேண்டியிருந்தது. ஒரு நாட்டில் குடிமகன் தன் வளவுக்குள் நுழைவதற்கு வீதியில் படுத்துறங்க வேண்டும் என்றால், அங்கே காணிக் கொள்கையை எழுதுவது யார் என்று கேட்கத் தேவையில்லை.

அதே 2017 ஜனவரியில், நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கங்களாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்டன. நந்திக்கடல் மட்டும் 4,000 ஹெக்டயருக்கு மேல். இந்தப் பரப்பில் களப்பு மட்டுமா அடங்கியது, கரையோர வயலும் வளவும் அடங்கினவா என்பதை மக்கள் அறிவித்தலுக்குப் பின்னரே விசாரிக்க வேண்டியதாயிற்று. வட்டுவாகலில் கடற்படை முகாமுக்கென 600 ஏக்கருக்கு மேற்பட்ட காணியை அளந்தெடுக்க மேற்கொண்ட முயற்சிகளை ஊர்மக்கள் மீண்டும் மீண்டும் மறித்திருக்கிறார்கள்.

தெற்கே போனால் மணலாறு. 1979ஆம் ஆண்டின் மகாவலி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 1988இல் அது மகாவலி ‘எல்’ வலயம் ஆனது, வெலிஓயா எனப் பெயரும் மாறியது. மகாவலி ஆற்றின் நீர் அங்கு வந்து சேரவில்லை. மகாவலியின் அதிகாரம் மட்டும் வந்து சேர்ந்தது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984இல் விரட்டப்பட்டவர்கள். திரும்பி வந்தபோது தம் வயல்கள் வேறு பெயர்களில் பதியப்பட்டிருப்பதைக் கண்டார்கள். 2018 ஓகஸ்டில் முல்லைத்தீவு நகரில் மக்கள் திரண்டது இதற்காகவே.

படையினர், வனவளம், வனஜீவராசிகள், தொல்லியல், மகாவலி என ஒவ்வொரு தரப்பிடமும் ஒரு வரைபடம். ஒவ்வொருவரும் தமக்குரியதை நிறந்தீட்டி எடுத்துக்கொண்ட பின்னர், நிறம் தீட்டப்படாமல் எஞ்சுவதுதான் மக்களுக்கு. திட்டமிடல் என்ற சொல்லுக்கு இது அர்த்தமல்ல. இது பங்குபிரித்தல்.

இல்லாதவனின் நிலம்

இதன் வேர் பழையது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டம் என்ன சொன்னது? காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குச் சொந்தம் என்றது. ஆண்டாண்டாக ஆண்டு அனுபவித்தவன் சான்று காட்ட வேண்டும். நேற்றுக் கப்பலில் வந்திறங்கியவன் எதையும் காட்ட வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் போய்விட்டான். அவன் விட்டுச்சென்ற அந்த அனுமானம் போகவில்லை.

2025 மார்ச் 28இல் 2430ஆம் இலக்க வர்த்தமானி வெளிவந்தது. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,940 ஏக்கர்வரையான காணிகள் அதில் குறிக்கப்பட்டன. முல்லைத்தீவின் பங்கு 1,700 ஏக்கருக்கு மேல். மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராதவனின் காணி அரசுடையதாகலாம். மக்களுக்கு உரித்து வழங்கவே இது என அரசாங்கம் விளக்கம் சொன்னது. மூன்று மாதம்! இறுதி யுத்தத்தில் உடுத்த துணியுடன் வட்டுவாகலைக் கடந்தவர்களிடம் உறுதிப்பத்திரம் எங்கே இருக்கும்? ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் சென்னை அகதி முகாம்களிலும் இருப்பவர்கள் மூன்று மாதத்தில் எப்படி வந்து நிற்பார்கள்? எதிர்ப்பு எழுந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. ஜூனில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது, வர்த்தமானியும் மீளப்பெறப்பட்டது. வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் மீளப்பெறப்பட்டது அறிவித்தல் மட்டுமே. அதனை வெளியிட வழிசெய்த சட்டம் அப்படியே இருக்கிறது.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2001 ஓகஸ்டில் வெளியான 5/2001 சுற்றறிக்கை, பிரதேச செயலாளர்களின் கையிலிருந்த ஏனைய அரச காடுகளை வனவளத் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. அந்த 2001இல் புதுக்குடியிருப்பு எங்கே இருந்தது? யுத்த பூமியாக இருந்தது. இடம்பெயர்ந்தவனின் தோட்டத்தில் பற்றை வளரும். பற்றை பத்தாண்டில் காடாகும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் அது பச்சையாகத் தெரியும். பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்று எழுதிவிட்டால், துரத்தப்பட்டதே குற்றமாகி, அதற்குத் தண்டனையாக நிலமும் பறிபோகும். 2020 நவம்பரில் அச்சுற்றறிக்கை நீக்கப்பட்டது. நடப்பட்ட எல்லைக்கற்கள் சுற்றறிக்கையோடு சேர்ந்து எழுந்து போய்விடவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த அநீதியைச் சட்டம் ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக்குழுக்களின் செயற்பாடுகளால் தன் காணிக்கு வர முடியாமற் போனவனுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடக்கூடாது என்கிறது. தனியாள் ஒருவர் அந்தக் காலத்தைக் காட்டிக் காணியைப் பிடிக்க முடியாது என்றால், திணைக்களம் மட்டும் பிடிக்கலாமா?

காட்டின் பெயரால்

“அப்படியானால் காட்டை அழிக்கச் சொல்கிறீரா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. மாவட்டத்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு காடு. அந்தக் காடு இல்லையேல் முத்தையன்கட்டுக் குளத்துக்கு நீர் இல்லை, குளம் இல்லையேல் வயல் இல்லை. இதை வன்னி விவசாயிக்கு எந்தத் திணைக்களமும் கற்பிக்க வேண்டியதில்லை. எனது வாதம் ஒரே ஒரு விதியைப் பற்றியது. விவசாயியின் அரை ஏக்கர் மிளகாய்த் தோட்டம் சூழலுக்குக் கேடு என்றால், காட்டுக்குள்ளும் களப்போரத்திலும் அமைந்த படைமுகாமும் கேடுதான். இரவிரவாக மணல் ஏற்றும் டிப்பரும் கேடுதான். தோட்டக்காரனுக்கு வழக்கு, மற்றவர்களுக்கு வழிவிடல் என்றால் அதன் பெயர் இயற்கைப் பாதுகாப்பு அல்ல.

விசுவமடு சொன்ன பாடம்

நீண்டகாலத் திட்டமிடல் இந்த மண்ணுக்குப் புதிதன்று. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர்களுக்குக் காணி வழங்கிய குடியேற்றத் திட்டங்களை என் தலைமுறையினர் அறிவர். காணி கொடுத்தார்கள், நீர் கொடுத்தார்கள். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு சந்தையையும் கொடுத்தது. மிளகாயும் வெங்காயமும் வன்னியில் பணமாயின. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் அந்த இளைஞர்களின் முதுகெலும்பு முறிந்தது. நிலத்தை மட்டும் கொடுத்து நீரையும் சந்தையையும் மறந்தால் திட்டம் நிற்காது என்பது அன்று கிடைத்த பாடம். இன்று தென்னை முக்கோணம் வரைபவர்கள் நிலத்தையே மறந்திருக்கிறார்கள்.

எங்கள் முற்றத்துக் குப்பை

கொழும்பை மட்டும் திட்டி முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

1987இன் பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் வைத்தது. தேசிய காணி ஆணைக்குழுவை அமைக்கச் சொன்னது. அந்த ஆணைக்குழு அமைக்கப்படவே இல்லை. 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அரச காணி மத்தியின் அதிகாரத்துக்கு உட்பட்டது எனத் தீர்த்தது. கைகள் கட்டப்பட்டிருந்தன, உண்மை. ஆனால் வாயும் பேனாவும் கட்டப்படவில்லையே! 2013 முதல் 2018 வரை வட மாகாண சபை இருந்தது. தீர்மானங்கள் ஏராளம். புதுக்குடியிருப்பு முப்பது ஆண்டுகளில் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் தரப்பு வரைந்த படம் இது என, இன்று பேச்சுவார்த்தை மேசையில் விரித்துக் காட்ட என்ன இருக்கிறது? போராட்டப் பந்தலில் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களில் எத்தனை பேர் ஒரு நில அளவைப் படத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள்?

1958இலும் 1977இலும் அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்த மலையகத் தமிழர்கள், காடு வெட்டினார்கள், தோட்டங்களில் கூலிக்கு உழைத்தார்கள், யுத்தத்தில் எல்லோரோடும் சேர்ந்து செத்தார்கள். அவர்களில் பலருக்கு இன்றும் காணிப் பத்திரம் இல்லை. ‘எங்கள் நிலம்’ என்று முழங்கும் நாங்கள், அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் அவர்களை வைத்திருக்கிறோமா? வெளிநாட்டில் இருந்துகொண்டு பத்து ஏக்கரைப் பற்றைக்கு விட்டிருப்பவர், அதனைக் குத்தகைக்காவது கொடுக்க மறுக்கும்போது, அரசின் பச்சை நிறப் படத்துக்குத் தானே சாயம் வழங்குகிறார்.

செய்ய வேண்டியது

கேரளத்தின் கல்யாசேரி ஊராட்சியில் 1990களின் தொடக்கத்தில் ஊர்மக்களே தம் நிலம், நீர், பயிர் அனைத்தையும் வரைபடமாக்கினார்கள். 1996இன் மக்கள் திட்ட இயக்கத்துக்கு அதுவும் ஒரு முன்னோடி. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் யாருக்கு என்ன உரிமை என்பதை முதலில் ஊர்ச்சபையிடம் கேட்கச் சொல்கிறது. ரொறொன்ரோவில் ஒரு மாடிக்கட்டடம் எழுவதற்கு முன் காணியின் முகப்பில் அறிவிப்புப் பலகை நிற்பதை அங்கு வாழும் வாசகர்கள் தினமும் காண்கிறார்கள். கேட்டுவிட்டு வரைவதே உலக வழக்கம். வரைந்துவிட்டு அறிவிப்பது எங்களுக்கு மட்டுமா?

கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: எல்லாத் திணைக்களங்களினதும் படையினரதும் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே படமாக, தமிழில், பிரதேச செயலகச் சுவரில் தொங்கவிட வேண்டும்.

இரண்டு: இடம்பெயர்வுக்கு முன்பிருந்த பயன்பாட்டையே பயன்பாடாகக் கொள்ள வேண்டும். பத்திரம் இல்லாத இடத்தில் கிணறு, அத்திவாரம், பழைய வாக்காளர் பட்டியல், அயலவர் சாட்சியம் ஆகியன சான்றாக வேண்டும். அதற்கென நடமாடும் காணிக் கச்சேரிகள் கிராமம் கிராமமாக வரவேண்டும்.

மூன்று: குளங்களின் அலைகரை, நீரேந்து பகுதி, மேய்ச்சல் தரை, காணியற்றோருக்கான ஒதுக்கம் ஆகியவற்றை உள்ளடக்கிய முப்பது ஆண்டுத் திட்டம், பிரதேச சபையில் விவாதிக்கப்பட்டு நிறைவேற வேண்டும். 2025 மே மாதம் வாக்களித்துச் சபைகளைத் தெரிவுசெய்தது வீதி விளக்குப் போடுவதற்கு மட்டுமல்ல.

நான்கு: அதுவரையில் இந்தப் பிரதேசத்தில் ஓர் அங்குல நிலத்தையும் எவரும் புதிதாக வர்த்தமானியில் ஏற்றக்கூடாது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டிகளில் கிடக்கும் உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் பழைய வரி பற்றுச்சீட்டுகளையும் தேடி எடுங்கள். பிரதிசெய்து ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த வர்த்தமானியும் மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் தராது.

தென்னம்பிள்ளைகளை ஜனாதிபதி தரட்டும், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். அவற்றை எந்தக் காணியில் நடுவது என்பதையும் கையோடு எழுதித் தரட்டும்.