நட்டத்துக்குப் பொறுப்பாளி யார்?

பெருந்தோட்டக் கம்பனிகளின் பணிப்பாளர்கள் ஒரே பல்லவியைப் பாடிச் சலிப்பதில்லை. சம்பளத்தை உயர்த்தினால் தோட்டம் அழிந்துவிடுமாம்! 2015ஆம் ஆண்டில் தொழிலாளர் 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டபோது பாடினர். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக அத்தொகை வர்த்தமானியில் ஏறியபோதும், 2024இல் 1700 ரூபாய் என அறிவிக்கப்பட்டபோதும் அதே பல்லவியோடு நீதிமன்றப் படியேறினர். நீதிமன்றத்தை நாடுவது எவர்க்கும் உள்ள உரிமை. அத்தொழிலால் உண்ணும் நாம் அதனைக் குறை கூறோம். ஆனால், நட்டத்துக்குக் காரணம் கொழுந்து பறிக்கும் கை என்ற வாதத்தை ஏற்க மாட்டோம்.

நிர்வாகத்தின் கை எங்கே போயிற்று?

1992இல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் வழங்கிற்று. நிலத்தைப் பாழாக்காமற் காப்பது குத்தகைக்காரனின் முதற்கடன். தேயிலையில் அதன் பொருள் மறுநடுகை. முதிர்ந்த செடியைப் பிடுங்கி, மண்ணைத் தேற்றப் புல் வளர்த்து, பின் கன்று நட்டுக் கொழுந்து காணச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை வரவில்லை, செலவே. ஆண்டுதோறும் இலாபப் பங்கை எண்ணும் பணிப்பாளருக்கு அப்பொறுமை எங்கிருந்து வரும்? ஆகவேதான் வெள்ளையர் காலத்து விதைத்தேயிலை இன்றும் பல மலைகளில் நிற்கிறது.

மறுநடுகை கிடக்கட்டும். களை பிடுங்கும் செலவையும் வெட்டினர், மலைகள் காடாயின. காட்டில் குளவி கூடு கட்டிற்று. குளவி கொட்டித் தொழிலாளர் மாண்ட செய்தி நமக்குப் புதிதன்று. செடி தளர்ந்து கொழுந்து அருகிய மலையிலே நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என நிறுவை கேட்கின்றனர். குறைந்தால் அரைப்பெயர்! தாம் பேணாத செடியின் குறையைத் தொழிலாளியின் கணக்கில் எழுதும் இவ்வித்தை எந்த வாணிப நூலில் உள்ளது? இளைஞர் தோட்டவேலைக்கு வராமல் கொழும்புக் கடைகளுக்கு ஓடுகின்றனர் என்ற முறையீடு வேறு!

2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடைசெய்தது பெருங்கேடு. அப்பழி கம்பனிகளைச் சாராது. ஆனால் அதே தடை சிறுதோட்டக்காரரையும் தாக்கிற்றே! இலங்கைத் தேயிலையில் நூற்றுக்கு 70 பங்களவு விளைவிப்போர் அவர்களே. அவர்களிற் பெரும்பாலோர் தாழ்நிலத்தார், காலநிலை வேறு, குடும்ப உழைப்பு உண்டு என்பர் கம்பனியார். உண்மைதான். அவர்களிடம் வேறொன்றும் உண்டு: செடி தம்முடையது என்ற உறுதி. மலையகத் தொழிலாளிக்கோ தலைமுறை தலைமுறையாக உழைத்தும் லயன் அறையிற்கூட உரித்தில்லை. துரை சொல்வார், கணக்கப்பிள்ளை எழுதுவார், கங்காணி விரட்டுவார். முப்பது ஆண்டுகள் அச்செடியோடு பழகியவளை ஒரு சொல் கேட்பாரில்லை. கோப்பிக் காலத்து ஆட்சிமுறையை வைத்துக்கொண்டு இக்காலத்து விளைச்சலை எதிர்பார்க்கின்றனர்!

சில கம்பனிகள் தேயிலைத் துண்டுகளைக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்துக் கொழுந்துக்கு விலை தருகின்றன. நல்லதே. எழுத்தில் உரித்து எங்கே? எத்தனை ஆண்டுகளுக்கு? நினைத்த நாளிற் பறிக்கக்கூடிய அனுமதி குத்தகையாகாது என்பதைக் கம்பனிகளின் சட்டத்தரணிகள் நன்கறிவர்.

அடுத்த பேச்சுவார்த்தைக்குப் பணிப்பாளர்கள் நட்டக் கணக்கை மட்டும் தூக்கிவர வேண்டாம். 1992 முதல் தோட்டந்தோறும் எத்தனை ஏக்கர் பிடுங்கி நடப்பட்டது, எத்தனை ஏக்கர் காடாக விடப்பட்டது என்ற கணக்கையும் மேசைமீது வைக்கட்டும். அதைப் படித்தபின் சம்பளத்தைப் பற்றிப் பேச நாம் ஆயத்தம்.